ஏற்றம் கடைசியில் இருக்கிறது! - சிட்னி அருகே ஒரு பள்ளத்தாக்கு நடை

மலைக்குப் போனால் முதலில் ஏற வேண்டும், பிறகு இறங்க வேண்டும். நமக்குத் தெரிந்த கணக்கு இதுதான். பழனியோ, திருத்தணியோ, சதுரகிரியோ, முடியவில்லை என்றால் பாதி வழியில் உட்கார்ந்து அங்கிருந்தே கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். இறக்கம்தானே, கால் தானாக வந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக்கு மேற்கே, ப்ளூ மவுன்டன்ஸ் மலைகளில் உள்ள 'கிராண்ட் கேன்யன்' பாதையில் இந்தக் கணக்கு தலைகீழ். கார் நிற்பது மலைக்கு மேலே. அங்கிருந்து படிப்படியாகப் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். இறங்கும்போது உடம்பில் தெம்பு இருக்கும், நிழல் இருக்கும், எல்லாம் சுலபமாகத் தெரியும். கால் ஓய்ந்து, பாட்டிலில் தண்ணீர் தீரும் நேரத்தில்தான் ஏற்றம் ஆரம்பிக்கும். வேண்டாம் என்று பாதியில் திரும்பினாலும் அதுவும் ஏற்றம்தான்.

(அமெரிக்காவில் இருக்கும் கிராண்ட் கேன்யனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வானத்தைப் பார்த்து வாய் பிளந்து கிடக்கும் பிரமாண்டம். இது, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு ஓடை அறுத்து வைத்த இடுக்கு. மேலே நிமிர்ந்தால் சில இடங்களில் வானம் ஒரு ரிப்பன் அளவுக்குத்தான் தெரியும்.)

நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வென்ட்வொர்த்வில்லில் இருந்து ஒரு தமிழ்க் குடும்பம் அங்கே கிளம்பியது. அப்பாவுக்கு 66 வயது. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு கிராமம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. சதுரகிரிக்கு எத்தனை முறை ஏறியிருக்கிறார் என்று அவருக்கே கணக்கு இல்லை. அம்மாவுக்கு அறுபது, வலது முழங்காலில் தேய்மானம். மகன் ஐ.டி. வேலைக்காக வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மருமகள், எட்டு வயதுப் பேத்தி. பெற்றோர் மூன்று மாத விசாவில் வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வெளிநாட்டில் பிள்ளை வீட்டுக்குப் போன பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் எல்லாம் அதிசயம். அப்புறம் காலை எட்டரை மணிக்கு வீடு காலியாகிவிடும். அப்பா தினமும் ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்துபோய், வந்து போகும் ரயில்களைப் பார்த்துவிட்டு வருவார். ஐந்தாவது நாளே, எந்த ரயில் எத்தனை நிமிஷம் லேட் என்று மகனுக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டார். 'இவரை எங்கேயாவது நடக்கக் கூட்டிப் போங்க' என்று மருமகள்தான் சொன்னார்.

மகனுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் ஆஸ்திரேலியக் குடியுரிமைத் தேர்வு எழுதி முடித்திருந்தார். இருபது கேள்விகள், பதினைந்தாவது சரியாக இருக்க வேண்டும். அதில் அந்த நாட்டின் விழுமியங்கள் பற்றிய ஐந்து கேள்விகளில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. அவருக்கு இருபதும் சரி. விண்ணப்பத்துக்கு ஒப்புதலும் வந்துவிட்டது. இனி விழா மேடையில் உறுதிமொழி எடுப்பது மட்டும்தான் பாக்கி. இதெல்லாம் மனைவிக்குத் தெரியும். அங்கேயே பிறந்து, பிறப்பால் அந்த நாட்டுக் குடிமகளான மகளுக்கும் தெரியும். அப்பாவுக்குச் சொல்லவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, சென்னை விமான நிலையத்தில், 'ரெண்டே வருஷம்ப்பா' என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

போகிற வழியில் மேஸ் ஹில்லில் இருக்கும் சிட்னி முருகன் கோயில் வாசலில் கார் ஒரு நிமிடம் நின்றது. கோயில் இருப்பது கிரேட் வெஸ்டர்ன் ஹைவேயில். பென்ரித்தைத் தாண்டி ப்ளூ மவுன்டன்ஸ் மீது ஏறி, கட்டூம்பா, பிளாக்ஹீத் ஊர்கள் வழியாகப் போவதும் இதே ஹைவேதான். மகன் இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். "முருகன் கோயில் ரோடு மலைக்குப் போகாம வேற எங்கடா போகும்?"

கார் இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். சிட்னி சென்ட்ரலில் இருந்து ஸ்ட்ராத்ஃபீல்டு, பரமட்டா வழியாக பிளாக்ஹீத்துக்கு நேர் ரயில் உண்டு. சுமார் இரண்டு மணி நேரம். கடல் மட்டத்தில் இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். சிட்னியில் வியர்க்கும் நாளில்கூட இங்கே ஒரு ஸ்வெட்டர் கையில் இருப்பது நல்லது. குளிர்காலத்தில் சில நாள் பனியும் விழும். ஸ்டேஷனில் இருந்து பாதை ஆரம்பிக்கும் இடம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தையும் நடையில் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிட்னியில் இருந்து வந்தால், ஊருக்குச் சற்று முன்பே எவன்ஸ் லுக்அவுட் சாலை. அந்தச் சாலையிலேயே, முனைக்குச் சற்று முன்னால், 'நீட்ஸ் க்ளென்' என்ற இடத்தில் பாதை பள்ளத்துக்குள் இறங்குகிறது. ஏறி வெளியே வருவது சாலை முடியும் இடத்தில், எவன்ஸ் லுக்அவுட்டில். முழுச் சுற்று சுமார் ஆறு கிலோமீட்டர். ஆறு கிலோமீட்டர்தானே என்று நினைப்பவர்களுக்காகவே பலகையில் மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அம்மாவால் அந்தப் படிகள் முடியாது. அதனால் ஏற்பாடு இப்படி: அப்பா, மகன், பேத்தி மூவரும் நீட்ஸ் க்ளென்னில் இறங்கிப் பள்ளத்தாக்கு வழி. மருமகள் காரை எவன்ஸ் லுக்அவுட்டில் நிறுத்திவிட்டு, அத்தையோடு மலை விளிம்புப் பாதையில் முடிந்தவரை போய்விட்டுத் திரும்புவது. மதியம் எல்லோரும் லுக்அவுட்டில் சந்திப்பது. புளியோதரை டப்பா கார் டிக்கியில்.

இறங்குவதற்கு முன் அப்பா வானத்தைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"உள்ள ஓடை இருக்குங்கிறியே, மேல எங்கயாச்சும் மழை உண்டா?"

"இங்க வெயில்தானேப்பா அடிக்குது."

"இங்க அடிக்கிறது கிடக்கட்டும். ஓடை எங்கருந்து வருதோ, அங்க என்னன்னு பாரு."

2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் சிக்கி உயிரிழந்ததை அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கவில்லை. ஓடையில் தண்ணீர் வந்தால் இப்போதும் வனத்துறை மலையேற விடுவதில்லை. குறுகலான இடத்துக்குள் தண்ணீர் வந்தால் அதற்குப் பரவ இடம் இல்லை, உயரத்தான் செய்யும். மகன் போனை எடுத்து மழை முன்னறிவிப்பையும், தேசியப் பூங்காத் துறையின் எச்சரிக்கைப் பக்கத்தையும் பார்த்தார். இரண்டும் சுத்தம்.

இதைச் சும்மா சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. இந்த மலைகளில் பாதைகள் அடிக்கடி மூடப்படும். 2022 ஏப்ரலில், பலத்த மழைக்காலத்தில், பக்கத்து ஊரான வென்ட்வொர்த் ஃபால்ஸில் ஒரு பாதையில் பாறை சரிந்து, சுற்றுலா வந்த குடும்பத்தில் ஒரு தந்தையும் அவருடைய சிறு வயது மகனும் இறந்துபோனார்கள். பாதை மூடியிருக்கிறது என்று போட்டிருந்தால் பேசாமல் காபி குடித்துவிட்டுத் திரும்புங்கள். இன்னொன்று, பள்ளத்துக்குள் போன் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழியாக ஆபத்து சிக்னல் அனுப்பும் சின்னக் கருவியை இந்தப் பகுதியில் இலவசமாகவே இரவல் தருகிறார்கள். பெயர், போகும் வழி, திரும்பும் நேரம் எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். மகன் அதை வாங்கிப் பையில் போட்டிருந்தார்.

முதல் அரை மணி நேரம் வெறும் படிகள். மேலே யூகலிப்டஸ் காடு, காய்ந்த இலை, வெயில். கீழே போகப் போக ஒரு அறைக்குள் நுழைகிற மாதிரி குளிர் வருகிறது. யூகலிப்டஸ் வாசம் போய் ஈர மண் வாசம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மரப் பெரணிகள். பாறையெல்லாம் பாசி. எங்கேயோ தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கிறது, தண்ணீரைக் காணோம்.

"மாங்கனி ஓடை மாதிரியே இருக்கு," என்றார் அப்பா. சதுரகிரிப் பாதையில் வருகிற ஓடை அது. அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் அவருக்குச் சதுரகிரியில் ஒரு பெயர் கிடைத்தது. ஒரு திருப்பம் இரட்டை லிங்கம் மாதிரி. பெரிய பாறைக் கூரை ஒன்று வந்ததும், "இது நம்ம ஊரா இருந்தா இங்க ஒரு கருப்பசாமி இருப்பாரு, பாப்பா" என்றார். பேத்தி அந்தப் பாறைக்கு அடியில் கொஞ்ச நேரம் தேடினாள்.

இந்த இடத்தில் பாதை ஒரு சின்னக் குகைச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. அதன் பிறகு பாறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு விளிம்பு, கைப்பிடிக் கம்பி, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஓடை அதற்கும் கீழே, இன்னொரு ஆழமான பிளவுக்குள் ஓடுகிறது. எட்டிப் பார்த்தால் இருட்டு. கயிறு கட்டி அந்தப் பிளவுக்குள் இறங்கி, நீரில் நடந்தும் நீந்தியும் வெளியே வருகிறவர்கள் உண்டு. அன்றும் ஹெல்மெட் போட்ட நாலைந்து பேர் ஈர உடையோடு நின்றிருந்தார்கள். "சம்பளம் குடுக்குறாங்களா இவங்களுக்கு?" என்று அப்பா கேட்டார். இல்லை என்றதும் நம்பவில்லை.

அந்தப் பாறைக்கு 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயது. மணல் இறுகி ஆன பாறை. அதில் விழுந்த விரிசலில் தண்ணீர் புகுந்து, மணல் மணலாக அரித்து அரித்து உண்டாக்கியதுதான் இந்தப் பள்ளம் முழுவதும். ஓடையைப் பார்த்தால் நம்ப முடியாது. பேத்தி ஒரே தாவலில் தாண்டுகிற அளவுதான். நம்பாதவர்களில் ஒரு பெரிய மனிதரும் உண்டு. 1836 ஜனவரியில் சார்லஸ் டார்வின் பிளாக்ஹீத்துக்கு வந்து, மலை விளிம்பில் நின்று இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தார். இவ்வளவு பெரிய பள்ளத்தை இத்தனூண்டு ஓடைகள் வெட்டியிருக்கும் என்பதை அவர் ஏற்கவில்லை. கடல்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்தார். ஓடைகள்தான் செய்தன என்று பின்னால் தெளிவானது. டார்வினுக்கே சறுக்கிய இடம் என்று ஒரு பலகை வைக்கலாம்.

பேத்திக்கு மகன் வேறொரு கதை சொன்னார். இதே மலைத்தொடரின் வடக்குப் பகுதியில், வொல்லமை தேசியப் பூங்காவில், 1994-ல் டேவிட் நோபல் என்ற பூங்கா ஊழியர் இப்படியொரு பள்ளத்துக்குள் கயிறு கட்டி இறங்கினார். அங்கே அவர் பார்த்த மரங்கள், அதுவரை புதைபடிவங்களில் மட்டுமே தெரிந்திருந்த ஒரு வகையின் உயிருள்ள சொந்தங்கள். டைனோசர் காலத்துக் குடும்பம். வொல்லமை பைன் என்று பெயர் வைத்தார்கள். அந்த இடம் எது என்பது இன்றுவரை பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. 2019-20 காட்டுத் தீயில் இந்த மலைகளின் பெரும்பகுதி எரிந்தபோது, தீயணைப்புப் படை தனியாகப் போய் அந்தத் தோப்பைக் காப்பாற்றியது.

"அப்ப நாம போய்ப் பார்க்க முடியாதா?"

"முடியாது. ரகசியம்."

"ரகசியம்னா யாருக்குமே சொல்லக் கூடாதுல்ல?" என்று அப்பாவை ஒரு மாதிரி பார்த்துக் கேட்டாள். மகன் ஷூ லேஸைக் கட்டக் குனிந்துகொண்டார்.

மேலே, விளிம்புப் பாதையில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. எவன்ஸ் லுக்அவுட்டில் இருந்து கவெட்ஸ் லீப் வரை ஒரு பக்கத்துக்கு மூன்று கிலோமீட்டர். பெரும்பாலும் புதர்க்காடு, ஊடே ஊடே படிகள், திடீர் திடீரென்று மரம் விலகி க்ரோஸ் பள்ளத்தாக்கு முழுசாகத் திறக்கும். எதிரே செம்மஞ்சள் நிறப் பாறைச் சுவர்கள், அடியில் கடல் மாதிரி காடு. யூகலிப்டஸ் இலைகளின் எண்ணெய் ஆவி காற்றில் கலந்து ஒளியைச் சிதறடிப்பதால் தூரம் எல்லாம் நீலமாகத் தெரியும் என்பார்கள். மலைகளின் பெயரே அதில் வந்ததுதான். லுக்அவுட்டுகளில் வேலி இருக்கிறது. நடுவில் பல இடங்களில் இல்லை. அம்மா உள்பக்கமாகவே நடந்தார், மருமகளை வெளிப்பக்கம் விடவும் மாட்டேன் என்றார்.

கவெட்ஸ் லீப் என்றால் கவெட் குதித்த இடமா என்று எல்லோரும் கேட்பார்கள். போலீஸ் துரத்த, குதிரையோடு பாய்ந்த ஒரு கொள்ளைக்காரன் கதையும் ஊருக்குள் உண்டு. உண்மையில் வில்லியம் கவெட் ஒரு நில அளவையர். 1831-ல் இங்கே அளக்க வந்தவர், யாரும் துரத்தவில்லை, குதிக்கவும் இல்லை. லீப் என்பது பழைய வழக்கில் அருவியைக் குறிக்கும் சொல். அங்கே விழும் அருவி 180 மீட்டர் உயரம். மழை குறைந்த நாளில் பாதியிலேயே காற்று அதைச் சாரலாக்கிக் கொண்டுபோய்விடும்.

கீழே தெரியும் காட்டுக்குள் நீல யூகலிப்டஸ் மரங்களின் தோப்பு ஒன்று இருக்கிறது. 1931-ல் அதை வெட்டிவிட்டு வால்நட் மரம் வைக்கப் போவதாகக் குத்தகைதாரர் சொன்னார். அங்கே நடக்கப் போயிருந்த கூட்டம் அதைக் கேட்டு அதிர்ந்து, ஊர் திரும்பிப் பணம் திரட்டி, 130 பவுண்டு கொடுத்துக் குத்தகையை விட்டுக்கொடுக்க வைத்தது. நடப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த சாதாரண ஆட்கள். இந்த மலைகள் 2000-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததற்கெல்லாம் இதுபோன்ற ஆட்கள்தான் மூலம். அதற்கும் வெகு காலம் முன்பிருந்தே இது குண்டுங்குரா, தாருக் மக்களின் மண்.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் மருமகள் மெதுவாக ஆரம்பித்தார். "அத்தை, ஒரு விஷயம்... அவரே சொல்லணும்னு இருக்காரு..."

"பாஸ்போர்ட்டுதானே? பாப்பா வந்த மறுநாளே சொல்லிட்டாளே."

மருமகளுக்குச் சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை. "மாமாகிட்ட?"

"நான் சொல்லல. அவன் வாயால சொல்லட்டும்." கொஞ்ச நேரம் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இவன் வீடு வாங்கினானே, அன்னைக்கே எனக்குத் தெரியும். அவருக்குத்தான், தோப்புல ஒரு தென்னை காய்ச்சாக்கூட 'பய வந்து பார்த்துக்குவான்'னு ஒரு பேச்சு. அந்தப் பேச்சு போயிரும். அதான்."

கீழே, ஓடைக் கரையில் மூவரும் பிஸ்கட் சாப்பிட்டார்கள். சொல்வதற்கு அது நல்ல இடம். மகன் சொல்லவில்லை. அந்த இடத்தோடு தட்டையான பாதை முடிந்தது. அங்கிருந்து எவன்ஸ் லுக்அவுட்டுக்கு இருநூறு மீட்டருக்கும் மேல் உயரம், கிட்டத்தட்ட முழுக்கப் படிகள். பேத்தி எண்ணிக்கொண்டே முன்னால் ஓடினாள்.

அப்பாவிடம் ஒரு முறை இருந்தது. நாற்பது படி, ஒரு நிறுத்தம். நிற்கும்போது உட்காரக் கூடாது, சுவரில் கை வைத்து நின்றபடி மூச்சு வாங்க வேண்டும். சதுரகிரி முறை. மூன்றாவது நிறுத்தத்தில் மகன் சொல்லிவிட்டார். அழகாகவெல்லாம் சொல்லவில்லை. "அப்பா, நான் இங்க சிட்டிசன்ஷிப் வாங்குறேன். அப்ரூவ் ஆயிருச்சு" என்று, யாரோ பின்னால் துரத்துவதுபோலச் சொன்னார்.

அப்பா பதில் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஏற்றத்தில் இது ஒரு வசதி. மூச்சு வாங்குகிற ஆளிடம் யாரும் உடனே பதில் எதிர்பார்க்க முடியாது. நாற்பது படி ஏறினார்கள்.

"அப்ப நம்ம பாஸ்போர்ட்டு?"

"குடுத்துரணும்ப்பா. நம்ம நாட்டுல ரெண்டு வச்சுக்க விட மாட்டாங்க."

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றுக்கொண்டால் இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். மறுபடியும் நாற்பது படி.

"தோப்பு?"

மகன் எதிர்பார்த்த கேள்வி இது. அதனால் இதற்கு மட்டும் பதில் ஒழுங்காக வந்தது. ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம். அது ஆயுள் முழுமைக்கும் விசா மாதிரி. இந்தியாவுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம். விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் அப்பாவுக்குப் பின் வாரிசாக வருவதற்குத் தடை இல்லை.

"எனக்குப் பின்னாடி." அப்பா அந்த வார்த்தையை மட்டும் திரும்பச் சொன்னார். "இப்ப எழுதி வைக்க நெனச்சிருந்தேன்."

"அதுக்கு வக்கீலக் கேட்டுக்குவோம்ப்பா."

இப்படிப்பட்ட குடும்பங்கள் இப்போது தெருவுக்கு ஒன்று இருக்கும். பத்திரம், பட்டா, தானம், உயில் எதுவாக இருந்தாலும், பிள்ளை குடியுரிமை மாறுவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. போன் பேச்சில் தள்ளிப் போட்டுக்கொண்டே போவார்கள். அந்தப் பேச்சை எடுப்பதே பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சி, பெற்றோருக்கு வருத்தம் என்பதால்.

நாற்பது என்றிருந்தது முப்பதாகக் குறைந்தது. மேலிருந்து பேத்தி "தாத்தா, டூ ஹன்ட்ரட் அண்ட் ட்வெல்வ்!" என்று கத்தினாள். "தமிழ்ல சொல்லு" என்றார் தாத்தா. "இருநூத்திப் பன்னெண்டு!" சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கட்டும் ஃபீஸ் வீண்போகவில்லை.

"ஓட்டு?"

"இல்லப்பா. அங்க ஓட்டுப் போட முடியாது."

"ரெண்டு வருஷம்னு சொன்ன."

இதற்கு மகன் பதில் சொல்லவில்லை. அவருக்கும் மூச்சு வாங்கியது. இரண்டு வருடம் என்று சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. முதல் இரண்டு வருடம் நிரந்தர விசாவுக்கு என்று போனது. அடுத்து கல்யாணம், குழந்தை, அப்புறம் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன். ஒவ்வொன்றும் ஒரு படி, ஒன்றும் கஷ்டமாக இல்லை. அப்பாவும் அதற்குமேல் அதைக் கேட்கவில்லை. பாட்டிலில் கடைசியாக இருந்த தண்ணீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, மீதியை மகனிடம் நீட்டினார்.

மேலே போகப் போகப் பெரணிகள் குறைந்து, மறுபடியும் யூகலிப்டஸ் வாசம் வந்தது. ஈரம் போய்ச் சட்டை சூடானது. கடைசித் திருப்பத்தில் அம்மாவின் குரல் கேட்டது. சிட்னிக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மலை உச்சியில், "ஏங்க, மெதுவா வாங்க" என்று ஒரு குரல். முன்னால் போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்பா மேலே வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு, வந்த பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு மகன் முகத்தை. ஒன்றும் கேட்காமல் புளியோதரை டப்பாவைத் திறந்தார். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்ததால் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே பேச்சு நடந்தது. உப்பு சரியாக இருக்கிறதா, அப்பளம் நமத்துவிட்டதா.

இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிடும்போதுதான் அப்பா கேட்டார். "உறுதிமொழின்னியே, அது என்னைக்கு?"

"ஜனவரி 26-ப்பா. அன்னைக்குத்தான் இங்க தேசிய தினம். நிறைய கவுன்சில்ல அன்னைக்கு விழா வைப்பாங்க."

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "நம்ம குடியரசு தினமாச்சேடா."

"ஆமாப்பா."

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது முன்வரிசையில் அவர் இல்லாமல் எந்த ஜனவரி 26-ம் போனதில்லை. மிட்டாய் வாங்கிக் கொடுப்பதும் அவர் செலவுதான். விசா முடிவது பிப்ரவரியில். எப்படிப் பார்த்தாலும் அன்றைக்கு அவர் இங்கேதான் இருப்பார்.

"காலைலயா, சாயங்காலமா?"

"காலைல."

"குடும்பத்த உள்ள விடுவாங்களா?"

"விடுவாங்கப்பா. நீங்களும் அம்மாவும் வரலாம்."

"வேட்டி கட்டிக்கிட்டு வரலாமா?"

"எது வேணாலும் கட்டிக்கிட்டு வரலாம்ப்பா."

"வெள்ளை வேட்டி ஒண்ணுதான் கொண்டாந்தேன். அதையும் உங்கம்மா மஞ்சக் கறையாக்கி வச்சிருக்கா" என்றார். அம்மா அதற்குப் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், வேலியில் உட்கார்ந்து நெடுநேரமாக வேவு பார்த்துக்கொண்டிருந்த கறுப்புக் கரவாங் பறவை ஒன்று, பேத்தியின் கையில் இருந்த அப்பளத்தைக் கொத்திக்கொண்டு பள்ளத்தாக்குக்கு மேலே பறந்தது. அவள் போட்ட கூச்சலில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. வென்ட்வொர்த்வில்லில் வெள்ளை வேட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்று காரில் வரும்போது மருமகள் போனில் தேடிக்கொண்டிருந்தார்.